டைம்-அவுட் சொல்லியும் எழும்பாத தளபதி

அம்புலன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கோடையில் ஒரு கிழமை நான் யுத்தத்துக்குப் போவேன். பயப்பட வேண்டாம், இது வட ஜெர்மனியில் ஒரு புல்வெளியில் நடக்கும் விளையாட்டு. வாத்தியாரும் பேக்கரிக்காரரும் கவசம் மாட்டி, ரப்பர் நுரையில் செய்த வாளோடு, பலகைக் கோட்டை ஒன்றை முற்றுகையிடுவார்கள். முதலுதவிக் குழு என் பொறுப்பு.

1. முதல் நாள்

முதன்முதலாகப் போன அன்றே ஒருவன் குடல் வெளியே சரிய அலறினான். ‘ஸ்டொப்’ என்று கத்தி முழு முற்றுகையையும் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் அவன் அங்கியைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். குடல் இறைச்சிக்கடையில் வாங்கியது, இரத்தம் பீட்ரூட் சாறு. அவன் எழும்பி உட்கார்ந்து, “இதைத் தைக்க எனக்கு ஒரு குளிர்காலம் போனது, தெரியுமோ?” என்றான்.

பொறுப்பாளர் யூர்கன் என்னைத் தனியே கூப்பிட்டார். “முதல்ல டைம்-அவுட் எண்டு சொல்லுங்கோ. அதைக் கேட்டா எவனும் வேஷத்தை விட்டுட்டு உண்மை சொல்லவேணும். அதுதான் இங்க சட்டம். இன்னொருக்கா சும்மா நிப்பாட்டினா, அடுத்த வருஷம் வேற குழுவைப் பாப்பன்.”

அன்றிலிருந்து எவன் முனகினாலும் எனக்குச் சந்தேகம்தான்.

2. கோட்டை வாசல்

அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. இடிமரம் கதவை நெருங்கும் நேரம், கறுப்புக் கவசத் தளபதி ஒருவர் சுவரோரம் சாய்ந்து கிடந்தார்.

“டைம்-அவுட். உங்கட பேர் என்ன?”

“வடதிசைக் காவலன்.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“கருநிலவின் மூன்றாம் நாள்.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, நீளமான போலிக் காதுகளோடு சிரித்தார். “இத்தனை வருஷமா அவர் அப்பிடித்தான். விடுங்கோ, தானா எழும்புவார்.”

மூளை தடுமாறுகிறதா என்று பார்க்க நாங்கள் கேட்கும் கேள்விகள் இவைதான். இந்தச் சண்டையிலோ எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் டைம்-அவுட்டுக்குப் பிறகுமா? இந்த ஆட்கள் ஒரு வாகனமும் இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர்கள். பழைய ஆட்டக்காரர் ஏன் சட்டத்தை மீறுகிறார்?

கழுத்துக் கவசத்துக்குள் விரலை விட்டேன். எங்களுக்கெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுத்து ஈரமே இல்லாமல் தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

“ஸ்டொப்” என்று கத்தினேன்.

“யூர்கன் கிழிக்கப்போறார் அண்ணை,” என்றாள் என் குழுத் தாதி சுபா.

“கிழிக்கட்டும். இது வேஷமில்ல, வெயில் அடிச்சது. கவசத்தைக் கழட்டு. இல்லாட்டி இந்தாள் செத்துப்போயிடும்.”

இடிமரம் நின்றது. சற்றுமுன் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு படைகளும் வரிசையாக நின்று தண்ணீர் வாளிகளைக் கைமாற்றின. யூர்கன் முகம் சிவக்க ஓடி வந்தார், தரையில் கிடந்தவரைப் பார்த்தார், ஐஸ் எடுக்க ஓடினார். மனைவி தன் போலிக் காதுகளைப் பிடுங்கிவிட்டுக் கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

தண்ணீரை ஊற்ற ஊற்ற, அதே கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். வடதிசை, கருநிலவு என்றே பதில் வந்தது. பிறகு பதிலே வரவில்லை.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகச் சந்தேகப்படுங்கள், ஆனால் ஆளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

சுபா கூப்பிட்ட அம்புலன்ஸ் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்கும்போது அவர் கண் திறந்தார்.

“பேர் என்ன?”

“மார்ட்டின்.”

“என்ன வேலை?”

“வருமான வரி அலுவலகம்.”

நான் அழுதுவிட்டேன். அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டு ஜெர்மனியில் சந்தோஷத்தில் அழுத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.