நாற்பதாவது விரல்

பாரிஸ் லா சப்பலில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு யார் வாசிப்பது, யார் தூபம் காட்டுவது, யார் மண்டபம் கூட்டுவது என்று பட்டியல் போடுவது என் வேலை. வீடு இருக்கும் எபினேயிலிருந்து வரும் ரயிலில் மடியில் வைத்து எழுதுவேன். வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். கூட்டுகிற கட்டத்தில் என் பெயரும் என் புருசனின் பெயரும்தான்.

போன திருநாளில் மாதாவின் சுருவத்தைப் பவனிக்குத் தூக்கும்போது, அந்தச் சிலையைத் தாங்கும் கூட்டின் முன்தடியைப் பிடிக்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் இடிக்க, மற்றவர் காலில் கட்டோடு ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. இடித்தவர் அதைப் பக்தி என்றார்.

இம்முறை ஒரு வழி பார்க்கும்படி எங்கள் பங்குச் சுவாமி என்னிடம் சொன்னார். அப்போது வேதாகம வகுப்புக்காக பழைய எருசலேம் ஆலயத்துக் குருக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு பிரிவு, பிரிவுக்கு ஒரு வாரம். எங்கள் ஆட்கள் வேலை செய்யும் ரெஸ்டோரன்களில் ஒட்டியிருக்கும் பிளானிங், அந்த வேலை அட்டவணை, மாதிரியேதான். வேலையும் அதேதான்: இறைச்சி வெட்டுவது, மாவு பிசைவது, விறகு அடுக்குவது. விடியுமுன் பீடத்துச் சாம்பலை அள்ளுவது முதல் வேலை. அதற்கு ஆசைப்பட்டவர்கள் பீடத்துக்கு ஏறும் சரிவில் ஓட்டப்போட்டி வைத்தார்களாம். ஒருநாள் ஒருவர் தள்ள, மற்றவரின் கால் முறிந்தது. அதன் பிறகு விரல் எண்ணி ஆளைத் தெரிவு செய்தார்கள். சாம்பல் அள்ளவா இந்தப் பாடு என்று நான் வீட்டில் சொல்ல, என் புருசனும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு, முன்தடி கேட்ட ஏழு பேரையும் மண்டபத்தில் வட்டமாக நிறுத்தினேன். என் புருசனும் அதில் ஒருவர். வருகிற தை மாதம் அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். அதன் பிறகு பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருடமாகப் பின்தடியிலேயே வந்த மனுசனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"ஆளுக்கு ஒரு விரல்தான். பெருவிரலையும் நீட்டி ரெண்டாய் எண்ண வைக்கக் கூடாது. எருசலேமிலையும் அதைக் கள்ள விரல் எண்டு தள்ளினவையாம்," என்றேன்.

சுவாமி நாற்பது என்றார்; நாற்பதாவது விரல் யாருடையதோ அவருக்கு முன்தடி. ஒருவரின் கம்பளித் தொப்பியைக் கழற்றி, ஆலயத்து வழக்கப்படி அவரிலிருந்து எண்ணிக்கொண்டு சுற்றி வந்தேன். முப்பத்தொன்பது என் புருசனின் சுட்டுவிரலில் விழுந்தது. அடுத்து நின்றவர் போன வருடம் இடித்த அதே ஆள். நான் வாய் திறப்பதற்குள் என் புருசனின் பெருவிரல் மெல்ல எழும்பியது. முகம் மட்டும் மண்டபத்து மாதா சுருவத்தைப் பார்த்தபடி இருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை.  அந்த விரலைத் தாண்டிப் பக்கத்து ஆளின் விரலைத் தொட்டு, "நாற்பது," என்றேன்.

 எபினேயில் ரயிலை விட்டு இறங்கும்போது என் புருசன் கேட்டார். "அந்தக் கோயிலிலை பெண்சாதிமாரே விரல் எண்ணினவை?"

"இல்லை. அதாலைதான் அங்கை கள்ள விரல் வந்தது," என்றேன்.

திருநாளன்று, போன வருடம் இடித்தவர் முன்தடியில் மாப்பிள்ளை மாதிரிப் போனார். என் புருசன் பழையபடி பின்னால். செய்தது சரி என்று தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது.

பூசை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மண்டபம் முழுக்கப் பூவிதழும் ரோல்ஸ் சுற்றிய கடதாசியும். தும்புத்தடியை எடுக்கப் போனேன், அதைக் காணவில்லை. என் புருசன் அதை எடுத்து ஒரு மூலையிலிருந்து கூட்டத் தொடங்கியிருந்தார், நொந்த காலை இழுத்தபடி.

"விடுங்கோ, நான் கூட்டுறன்."

"சாம்பல் அள்ளத்தானே அவங்கள் அடிபட்டவங்கள்?" என்றார் நிமிராமலே. "இஞ்சை பார், என்னைத் தள்ள ஒருத்தனும் வரேல்லை."