கழுத்தருகே என் கத்தி

எனக்கு மடக்குக் கத்தி சேர்க்கும் பைத்தியம் உண்டு. வீட்டில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். மிகப் பிடித்த ஒன்று எப்போதும் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளி, ஒற்றைக் கையில் 'டக்'கென்று திறப்பதில் எனக்குக் கர்வம். அப்போது கை துளியும் அசையாது.

போன வருடம் அன்னவாசல் சாலையில் எனக்கு முன்னால் போன பைக் ஒன்று தடுமாறிச் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இறுக்கியிருந்தது. அவருக்குக் குரலே வரவில்லை. வண்டி ஓட்டிய கணவர் சக்கரத்தைப் பின்னால் உருட்டப் பார்த்தார், அசையவில்லை.

நான் ஓடிப்போய்ப் பழக்கதோஷத்தில் 'டக்'கென்று கத்தியைத் திறந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிய கணவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஓங்கினார்.

"கிட்ட வந்தா மண்டைய ஒடச்சுப்புடுவேன். கத்தியக் கீழ போடுடா."

"துணிய அறுத்துவிடத்தாங்க வந்தேன்."

அவர் நம்பவில்லை. என் கை வெடவெடவென்று நடுங்கியது. அந்தப் பெண்ணின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு அடி முன்னால் வைக்கவும் பயம், நிற்கவும் பயம். அப்போது அந்தப் பெண்ணே என் மணிக்கட்டைப் பிடித்து, கத்தியைத் தன் கழுத்துப் பக்கம் இழுத்தார். தோலுக்கும் துணிக்கும் நடுவே விரலை நுழைத்து அறுத்தேன்.

மூச்சு திரும்பி அவர் தண்ணீர் குடித்ததும் கேட்டேன்.

"என்னைய எப்படிங்க நம்புனீங்க?"

"குத்த வந்தவனுக்கு எதுக்குங்க கை நடுங்கப் போகுது?"

கத்தி இப்போதும் பாக்கெட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஆள் இருக்கும் இடத்தில் அதை இரண்டு கையாலும் மெதுவாக, சத்தம் வராமல்தான் திறக்கிறேன்.