அக்காவை மாடியில் காக்க வைத்த வால்நட்சத்திரம்

வால்நட்சத்திரத்தைப் படம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இன்றைக்குக் கண்முன் தெரிவதைவிட அடுத்த வாரம் தெரியப்போவதுதான் அவர்களுக்குப் பெரிது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

அந்த வருஷம் வந்த வால்நட்சத்திரம் முதலில் விடியலுக்கு முன்பு, கிழக்கே கடலுக்கு மேல் தெரிந்தது. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் கேமரா ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு கொட்டிவாக்கம் கடற்கரைக்குப் போவேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, வீட்டுக்கு வந்து அத்தனை படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போதுதான் வால் துலங்கும். ஒருநாள் வலை உதறிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார் எடுத்துக்கினு கீற? அங்க ஒண்ணியும் இல்லியே."

கையை நீட்டிக் காட்டினேன். "அட, ஆமா. லேசா பொகை மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார். அன்றைக்கு அது வெறும் கண்ணுக்கே தெரிந்தது என்பதற்கு அவர் சாட்சி.

அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, கீழ் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது, மிச்சம் எத்தனை நாளைக்கு என்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"படம் இருக்கட்டும்டா. கண்ணு இருக்கும்போதே நேர்ல ஒரு தடவை பாத்துடணும். நாளைக்கு என்னையும் கூட்டினு போ."

"விடிகாலையில எதுக்குக்கா அலையற? சூரியனைச் சுத்திட்டு சாயங்காலப் பக்கம் வரும். இதைவிடப் பளிச்சுனு இருக்கும். நம்ம மாடியிலயே சேர் போட்டுப் பாக்கலாம்."

"நீ சொன்னா சரி" என்றாள்.

தினமும் இருட்டோடு எழுந்து முதல் பூசைக்குப் போகிறவளிடம்தான் விடிகாலையைக் காரணம் காட்டினேன். ஸ்டாண்டைக் கட்டிய இடத்தில் அவள் உட்கார்ந்து வந்திருக்கலாம்.

சொன்னபடி வால்நட்சத்திரம் மேற்கே வந்தது. என் கணக்கில் தப்பே இல்லை. பிறந்ததிலிருந்து சென்னையில் இருக்கிற நான், ஐப்பசி மழையைத்தான் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். வெளியூர்க்காரன் மறந்திருந்தால் மன்னிக்கலாம். சாயங்காலம் ஆனதும் அக்கா கைப்பிடியைத் தடவித் தடவி மாடி ஏறி வருவாள். "இன்னிக்காவது உண்டாடா?" என்பாள். ஈர சேரைத் துடைத்துப் போடுவேன். கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்குவோம். வானம் வெளுத்திருந்த வேறு ஊர்களில் எடுத்த படங்கள் போனில் வந்துகொண்டே இருக்கும். எரிச்சலில் ஒன்றையும் திறந்து பார்க்க மாட்டேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மேற்கே கிண்டிப் பக்கம் மேகம் விலகியது. அதற்குள் அது மங்கிப்போயிருந்தது. கேமராவில் தேடிக் கண்டுபிடித்து, பைனாகுலரை அக்கா கையில் கொடுத்து, தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்க்கா. மேல. அவ்ளோ மேல இல்ல."

அவளுக்கு மிஞ்சியிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் அதைக் கொண்டுவர முடியவில்லை. தேடிக்கொண்டே இருந்தாள். கீழிருந்து மேகம் ஏறி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் மூடிப்போயிற்று. சொல்ல வாயெடுத்தேன்.

"ஆங், தெரியுதுடா" என்றாள் அக்கா, பைனாகுலரை இறக்காமலே. "வாலோட நிக்குது. அழகா இருக்கு."

"ஆமாக்கா. அதேதான்" என்றேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதியில் நின்று, "இத்தனை நாள் காத்துனு இருந்தது வீண் போகலடா" என்று என்னைத் தேற்றினாள்.