வெள்ளைக் கோட்டும் சாரமும்

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. வழக்கம்போல் எழுந்தவுடன் முகம் வழித்தேன். தேத்தண்ணி குடித்தேன். வெள்ளைக் கோட்டை மினுக்கி, மடித்துப் பைக்குள் வைத்தேன். கார்ஜில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடந்தேன்.

இங்கே புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் எடுக்கும் குறும்படங்களில் பல வருடங்களாக நடிக்கிறேன். எல்லாவற்றிலும் இடுப்பில் சாரம் கட்டிய குடிகாரத் தகப்பன். நான் குடிப்பதில்லை. ஆனாலும் மரக்கறிக் கடைக்காரர் அன்றும் விடவில்லை.

"என்ன அண்ணை, இண்டைக்கு நேரா நடக்கிறியள்? உடம்புக்கு ஏதும் ஏலாதோ?"

இந்தமுறை எனக்கு டொக்டர் வேடம். இயக்குநர் தம்பி வாக்குக் கொடுத்திருந்தார். வசனம் நான்கே வரிதான். அலுவலகத்து மதிய இடைவேளைகளில் அதைப் பாடமாக்கியிருந்தேன்.

உணவகம் ஒன்றின் நிலவறைதான் ஆஸ்பத்திரி. கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வந்தேன். நோயாளியின் தாயாக நடித்த பெண் அழவேண்டும், சிரித்துவிட்டார். மறுபடி எடுத்தோம். மறுபடியும் சிரித்தார்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. எப்ப தள்ளாடுவியள் எண்டே பாத்துக்கொண்டு நிண்டனான்."

கமராவுக்குப் பின்னாலும் சிரிப்பு. இயக்குநர் என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"அண்ணை, சனமும் இப்பிடித்தான் சிரிக்கும். இது அழுகிற சீன். கோட்டை, தகப்பனாச் செய்ய வந்தவரிட்டைக் குடுங்கோ, அவருக்குக் குடிக்கத் தெரியேல்லை. நீங்களே தகப்பனைச் செய்யுங்கோ. சாரம் கொண்டந்தனிங்களோ?"

"ஓம்" என்றேன். பைக்குள் இருந்தது. யாரும் கேட்காமலே, பழக்கத்தில் நானே வைத்திருந்தேன்.

"ஆனா முகம் வழிச்சிட்டியள். வாற சனி எடுப்பம். அதுவரைக்கும் தாடியிலை கை வைக்காதேங்கோ."

ஓம் என்பதை இரண்டாம் முறையும் நான்தான் சொன்னேன். கோட்டை வாங்கிப் போட்டவர் என் நான்கு வரியையும் ஒரே தடவையில் சொல்லி முடித்தார். அந்தப் பெண் நன்றாக அழுதார்.

திரும்பும் ரயிலில், பழைய ஹொலிவூட் படங்களில் வரும் ஒரு நடிகர் நினைவுக்கு வந்தார். எந்தப் படத்திலும் ஹோட்டலில் பெட்டி தூக்குபவர். ஒரு படத்திலாவது அறை எடுத்துத் தங்குவாரா என்று தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். கிழவராகியும் பெட்டிதான் தூக்கினார்.

ஞாயிறு காலை எழுந்தவுடன் கண்ணாடி முன் நின்று முகத்தில் சவர்க்காரம் பூசினேன். சவரக்கத்தியைக் கையில் எடுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. முகத்தைக் கழுவித் துடைத்தேன்.