மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள்

அந்தச் சனிக்கிழமை காலை மகள் ஃபோன் எடுத்தபோது நான் கராஜ் நிலத்தில் ஒரு பழைய மெத்தையை விரித்துக்கொண்டிருந்தேன். மெத்தை எனக்கல்ல, பனியில் ஓடும் மோட்டார் வண்டியைச் சரித்துப் படுக்கவைப்பதற்கு. நான் வேலை செய்யும் மலை உணவகத்துக்குக் குளிர்காலத்தில் பாதை கிடையாது. உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து காஸ் சிலிண்டர்வரை எல்லாவற்றையும் அந்த வண்டிதான் மேலே இழுத்துக்கொண்டு போகும். இங்குள்ளவர்கள் அதை ‘ஷ்னேதொஃப்’ என்பார்கள். கோப்பை கழுவ வந்த நான் இருபது வருடத்தில் அதன் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் ஆகிவிட்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒருநாள் அது நின்றுபோனது, நான் ஸ்பானரை எடுத்தேன், அவ்வளவுதான்.

மகள் கீழே நகரத்துப் பக்கம், பூம்ப்ளிஸில் இருக்கிறாள். ரயிலும் பஸ்ஸுமாக மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும்.

“நாளைக்கு வரட்டோ அப்பா?” என்று கேட்டாள்.

கடைசியாக அவள் இப்படிக் கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது. எனக்கு மனம் துள்ளியது. வாய் மட்டும் தன் பாட்டில், “வேண்டாம் பிள்ளை, உனக்குக் கனக்க வேலை இருக்கும்” என்று சொன்னது.

“சரி அப்பா” என்று வைத்துவிட்டாள்.

அந்தச் ‘சரி’ என்னைச் சுட்டது. மனைவி இறந்து மூன்று வருடம். முதல் வருடம் மகள் கிழமைக்கு ஒருதரம் கேட்பாள். பிறகு மாதத்துக்கு ஒருதரம் என்றானது. இப்படியே போனால் ஒருநாள் கேட்பதையே விட்டுவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. வரச் சொல்லவும் தெரியாமல், வராமல் விட்டால் தாங்கவும் தெரியாமல் இருக்கிற ஒரு மனிதன், மெத்தையில் வண்டியைப் படுக்கவைக்கிறான். எனக்கே என்னில் எரிச்சலாக இருந்தது.

வண்டியின் பின் சஸ்பென்ஷனை இரண்டு கிழமைக்கு முன் நானேதான் கழற்றினேன். அதில் ஒரு தண்டு வளைந்திருந்தது. புதுத் தண்டு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் சாமான் மேலே போக வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கழற்றுகிறபோது நாலு போல்ட்தானே என்று இருந்தது. பூட்டுகிறபோதுதான் அந்த நாலு போல்ட்டுக்கும் தனித்தனிக் குணம் இருப்பது தெரியவரும்.

சஸ்பென்ஷன் என்றால் காரில் இருப்பதுபோல் நாலு மூலையில் நாலு துண்டு அல்ல. இரண்டு நீளச் சட்டம், நடுவில் ஷாக், சின்னச் சின்னதாய் உருளும் சில்லுகள், எல்லாம் ஒன்றாகப் பொருத்தப்பட்ட ஒரே கூடு. கால் கழன்ற கட்டில்போல இருக்கும், பாரமும் அதேயளவு. பனியில் சுழன்று வண்டியை நகர்த்தும் தடித்த ரப்பர் பட்டிக்குள் அதை நுழைக்க வேண்டும். பட்டியை ஒரு கையால் தூக்கி, கூட்டை முழங்காலால் தள்ளினேன். பாதி போனதும் பட்டி மடங்கிக் கையை நசுக்கியது. வெளியே இழுத்துத் திரும்பவும் தள்ளினேன். நான்காம் தரம் உள்ளே போனது. முன் தண்டைத் துவாரத்துக்கு நேரே கொண்டுவந்து போல்ட்டைக் கையால் முடுக்கினேன். பின்பக்கத்தைப் பாரம் கட்டும் பெல்ட்டால் இறுக்கி அமுக்கி, அங்கேயும் போல்ட் போட்டேன். வண்டியை நிமிர்த்தும்போது பன்னிரண்டு மணியாகிவிட்டது. பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை ஊர் ஓய்வு நேரம், இங்கே சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. முதல்நாள் பருப்பைப் பாண் துண்டில் வைத்து நின்றபடியே சாப்பிட்டேன்.

வில்லங்கம் ஒரு மணிக்குத் தொடங்கியது. தண்டு ஒரு நீளக் குழாய். அதன் இரண்டு நுனியிலும் போல்ட். வலப்பக்கத்தை இறுக்கினால் குழாயும் கூடச் சுற்றி இடப்பக்கம் இளகும். இடப்பக்கம் போய் இறுக்கினால் வலது இளகும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஸ்பானர் பிடிக்க வேண்டும். வண்டியின் அகலத்துக்கு என் கைகள் எட்டவில்லை. ஒரு ஸ்பானரைக் கால் வைக்கும் தட்டில் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். அது தெறித்து என் முழங்கையைப் பதம் பார்த்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் வந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர். கராஜ் வாசலில் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘காட் ஷோ’ என்றேன், சமாளிப்பேன் என்று அர்த்தம். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஊர்க்காரருக்கு ஒருதரம்தான் கேட்கத் தெரியும். எங்கள் ஆட்களிடம், தேத்தண்ணி குடிக்கிறீர்களோ என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. இரண்டாம் தரம் வற்புறுத்த வேண்டும். மூன்றாம் தரம் கேள்வியே கிடையாது, கோப்பை கைக்கு வந்துவிடும். முதல் கேள்விக்கே ஓம் என்கிறவனை அலைஞ்சவன், எதற்கும் ஆலாய்ப் பறக்கிறவன் என்பார்கள். உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பிடுகிறாயா என்று சமையற்காரர் கேட்டார். மரியாதையாக வேண்டாம் என்றேன். அவர் தட்டை எடுத்துவிட்டார். அன்று பின்னேரம்வரை பட்டினி. அந்தக் கதையைச் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இங்கே எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தது அவள்தான். ஜெர்மனுக்கு அல்ல, என்னுடைய ‘வேண்டாம்’களுக்கு. அப்பா வேண்டாம் என்று சொன்னாரா, அப்படியென்றால் வெளிக்கிட்டு வா என்று மகளை வரவழைப்பாள். இப்போது அந்தச் சொல்லை யார் கேட்டாலும் அது அப்படியே ‘வேண்டாம்’ என்றுதான் விளங்குகிறது.

இன்னும் ஒரு மணித்தியாலம் வலது, இடது என்று வண்டியைச் சுற்றி நடந்தேன். கடைசியில் ஸ்பானரைப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அடித்தேன். இருபது வருடத்தில் அந்த மணியை நான் அடித்ததில்லை. கதவு திறந்ததும் காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை. அவர் இடப்பக்கம் பிடித்தார், நான் வலப்பக்கம் இறுக்கினேன். குழாய் கூடச் சுற்றவில்லை, இரண்டு பக்கமும் இறுகியது. கையைத் துடைத்தபடி அவர், நீ தனியாக இருக்கத்தான் விரும்புகிறாய் என்று இவ்வளவு காலமும் நினைத்தேன் என்றார். மனைவியின் செத்தவீட்டுக்குப் பிறகு சாப்பிட வரச்சொல்லிக் கேட்டேனே, வேண்டாம் என்றாய் என்றார். ஒரு மனிதனின் பேச்சை நம்பி, அவனைத் தொந்தரவு செய்யாமல் மூன்று வருடம் மரியாதையாக விலகி இருந்திருக்கிறார். நான் அவரை ஈரமில்லாதவர் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அவர் போனதும் கையைக் கழுவாமலே மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

“நாளைக்கு வா” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னால் குழப்பிவிடுவேன் என்று தெரியும்.

“சுகமில்லையோ அப்பா?” என்று கேட்டாள்.

சுகமாகத்தான் இருக்கிறேன், வந்தால் நல்லது என்றேன். நாளைக்கு ஏலாது, வேறு இடத்துக்கு வருவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டேன் என்றாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்” என்றாள்.

ரெண்டாம் தரம் கேட்டிருக்கலாமே பிள்ளை என்று நான் இழுத்தேன்.

“ரெண்டாம் தரம் கேட்டா கெஞ்சிற மாதிரி இருக்கும் அப்பா” என்றாள். “அப்பாவைப் பாக்கிறதுக்கு நான் கெஞ்சோணுமோ?”

ஓம் என்று சொன்னால் அலைஞ்சவனாகிவிடுவேன் என்று நான் இங்கே வாயைக் கட்டிக்கொண்டிருக்க, அவள் அங்கே மூன்று வருடமாக, அப்பாவுக்கு என்னை வேண்டாம் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு தரமும் ஃபோனை வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ‘சரி அப்பா’வுக்குப் பிறகும் அவள் என்ன செய்திருப்பாள் என்று ஒருநாளாவது நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னாள். வா என்றேன்.

மறுநாள் முழுக்க நான் தனியாகத்தான் இருந்தேன்.