பாக்தாத் ஆஸ்பத்திரி

யுத்த காலத்தில் செஞ்சியில் நான் படித்தபோது, வகுப்பில் என்னை முந்தக்கூடியவன் ஒருவன்தான். அவனுடைய அப்பா தோல் மண்டியில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவுகிறவர். அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்தி மகனையும் அங்கேயே சேர்த்துக்கொள்வதாக இருந்தார். சரித்திர வாத்தியார் விடவில்லை. “பையன் பேசறத ஒரு தடவ வந்து கேளுங்க பாய். அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று பேச்சுப் போட்டிக்கு அவரை வரவழைத்தார்.

இஸ்லாமியப் பொற்காலமா, அதே காலத்து ஐரோப்பாவா, எது உயர்ந்தது என்பதுதான் தலைப்பு. நான் கிறிஸ்தவன் என்பதால் ஐரோப்பாவை என் தலையில் கட்டினார்கள். வல்லம் பக்கத்துக் கடலைக் கொல்லையில் வளர்ந்தவனுக்கு ஐரோப்பா என்ன மாமன் வீடா? ஆனாலும் அவனிடம் தோற்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் வெளுத்து வாங்கினான். முஸ்லிம்கள் ஆண்ட கார்டோவாவில் தெருவெல்லாம் விளக்கு எரிந்தபோது லண்டன்காரன் இருட்டில் சேறு மிதித்தான் என்றான். பாக்தாத்தில் ஏழைக்கும் ஆஸ்பத்திரி இருந்தது, ஐரோப்பாவில் நோயைப் பாவத்துக்குத் தண்டனை என்று விட்டுவிட்டார்கள் என்றான். கடைசி வரிசையில் அவன் அப்பா, உப்பில் வெடித்த கைகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் அம்மா பிரசவத்தில் செத்தது ஊருக்கே தெரியும். எப்படி என்பதை என்னிடம் மட்டும் ஒருநாள் அழுதுகொண்டே சொல்லியிருந்தான்.

என் முறை வந்தது. மேடைத் தமிழையெல்லாம் விட்டுவிட்டேன். “பாக்தாத்துல ஆஸ்பத்திரி கட்டினாங்களாம். இங்க வாசல் வரைக்கும் வந்த டாக்டர, ஆம்பளன்னு இவங்கப்பா உள்ள உடல. லேடி டாக்டர தேடி திண்டிவனத்துக்கு வண்டி போறதுக்குள்ள இவங்கம்மா செத்துட்டாங்க. இதுதான் பொற்காலமா?”

எங்கள் வீட்டிலும் ஆண் டாக்டரை விட்டிருக்க மாட்டார்கள். அது அப்போதே எனக்குத் தெரியும்.

பையன்கள் சிரித்தார்கள். அவன் அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, “இதையும் வெளிய சொன்னியாடா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பரிசை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. வாத்தியார் மண்டிக்கே போனார். அவன் அப்பா, படிக்கட்டும் என்றுதான் சொன்னாராம். தோலை விட்டு நிமிராமல் மகன் சொன்னானாம்: “பொண்டாட்டிய சாவடிச்சவன்னு இவர ஊரே பேச வச்சிட்டேன் சார். நான் இவர் பக்கத்துலயே கெடக்கறேன்.”