இருபத்தேழுக்கு அப்புறம்

மேஜைமேல் ஒரு பிடி மாவைத் தூவியதும் ரொட்டி மாஸ்டர் செய்கிற முதல் வேலை, அதில் ஆள்காட்டி விரலால் கணக்குப் போடுவது. பிசைந்த மாவு வந்து விழும்வரைதான் அவகாசம். 17 என்று எழுதுவார். அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை இன்னொரு முறை 17-ஆல் பெருக்குவார்: 4913. அந்த நான்கு இலக்கங்களையும் கூட்டினால் மறுபடியும் 17. "பாத்தியா, போன ஆளு சுத்திட்டு வீட்டுக்கே வந்துட்டான்!" என்று தன் தொடையைத் தானே தட்டிக்கொள்வார்.

ஆள் வாட்டசாட்டம். புருவம்வரை மாவு. எந்த எண்ணைக் கண்டாலும் இலக்கங்களைக் கூட்டாமல் விடமாட்டார். மச்சினன் ஆசை ஆசையாகக் கார் வாங்கி வந்து நிறுத்தினால், இவர் நம்பர் பலகையை மட்டும் பார்த்துவிட்டு, "பத்தொன்பது. நல்ல வண்டி" என்று உள்ளே போய்விடுவார்.

இப்படி வீடு திரும்புகிற எண்கள் அவரிடம் ஆறு: 1, 8, 17, 18, 26, 27. நூறுக்குள் வேறு கிடையாது. ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்துவிட்டார். ஏழாவது ஆள் நூறுக்கு மேலே எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று பல வருஷத் தேடல், எழுநூறையும் தாண்டிவிட்டது. அதில் கருகிப்போன பன்கள் கொஞ்சநஞ்சமல்ல. கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, போன வாரம் கருகிய தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்த வாரத்துக்குள்ள அந்த ஏழாவது ஆளப் பிடிங்க. இல்லேன்னா தலைமுழுகுங்க. கடையில ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவன் இருக்கணும்."

கெடு முடியும் நாள் காலையில் அவள் போனில் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "நூறு பன்ன ஒரே தட்டுல கேட்டா எப்படிங்க? ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது. எப்படி அடுக்கினாலும் எண்பத்தொண்ணுக்கு மேல கொள்ளாதுங்க!"

மாவில் ஓடிய விரல் நின்றது. மூன்று இலக்க எண் எதை எடுத்தாலும் அவருடைய பெருக்கலில் ஒன்பது இலக்கத்துக்கு மேல் வராது. அந்த ஒன்பதையும் 9 ஆகவே வைத்துக் கூட்டினாலும் எண்பத்தொன்றுதான். மூன்று இலக்கத்தில் ஆகச் சின்னதே நூறு!

"கொள்ளாது!" என்று கத்தினார். "நூறு கொள்ளாதும்மா!"

"அதத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்."

"நாலு இலக்கம்னா பன்னெண்டு ஒன்பது, நூத்தெட்டு. ஆயிரம் எங்க, நூத்தெட்டு எங்க! மேல போகப் போக இன்னும் மோசம். ஏழாவது ஆளே கிடையாது!"

போனை வைத்துவிட்டு, முதலில் அடுப்பிலிருந்த தட்டை வெளியே இழுத்தாள். பிறகுதான் மேஜைக்கு வந்தாள். "அப்போ இத்தனை வருஷமா இல்லாத ஆளயா தேடினீங்க?"

"இல்லேன்னு நிரூபிச்சிட்டேன்ல! இனிமே எந்தக் கொம்பன் வந்தாலும் ஏழாவத எடுக்க முடியாது."

முதல் நாளே ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு பன்கூடக் கருகியிருக்காது. அதை அப்போது சொல்லியிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்காது. பூரித்துப்போய் நின்றார் மனிதர். மாவை நிரவி, ஆறு எண்களையும் பெரிதாக எழுதினார்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "நிஜமாவே முடிஞ்சுதா?"

மாஸ்டர் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து, 27-க்குப் பக்கத்தில், அடியில் மேஜை தெரிகிற அளவுக்கு அழுத்தி ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்.